வண்டி நெரிசல் இல்லாமல் ஜவ்வாது மலையும் ஏலகிரியும்: சைக்கிள் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர்ப் பக்கம் மோட்டார் வண்டியே வராத சைக்கிள் பாதை இருக்கிறதா?

இல்லை. ஐரோப்பாவில் ஆற்றங்கரையோரமும் கைவிட்ட ரயில் தடத்திலும் சைக்கிளுக்கென்றே பாதை போட்டு, பெயர்ப்பலகை நட்டு வைத்திருப்பார்கள். அப்படி ஒரு மீட்டர் பாதைகூட நம் மலைகளில் கிடையாது. ஆனால் மணிக்கு நாலைந்து வண்டி மட்டும் கடந்துபோகும் தார்ச்சாலை ஜவ்வாது மலையில் நிறையவே இருக்கிறது. ஏலகிரியில்கூட அதே நிலையைப் பார்க்கலாம், சரியான கிழமையும் சரியான நேரமும் பார்த்துப் போனால். ஆகவே வரைபடத்தை விரிக்கும் முன் காலண்டரைப் பாருங்கள். ஞாயிறு பகல் 11 மணிக்கு நரகமாக இருக்கும் கொண்டை ஊசி வளைவில், புதன்கிழமை காலை 6 மணிக்குக் குரங்கும் பால்காரரும் மட்டும்தான் இருப்பார்கள்.

எந்த மலையில் தொடங்குவது? எந்தப் பக்கம் ஏறினால் நல்லது?

நெரிசல்தான் கவலை என்றால் ஜவ்வாது மலை. அதில் ஏற நான்கு வாசல்கள் சைக்கிளுக்கு உகந்தவை.

முதலாவது ஆலங்காயம் பக்கம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் 20 கி.மீ.க்குள். அங்கிருந்து காவலூர் வழியாக மலைமேல் உள்ள முக்கிய ஊரான ஜமுனாமரத்தூர். புதிதாக மலை ஏறுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வோம். ஏனென்றால் ஆலங்காயமே ஓரளவு உயரத்தில் இருக்கிறது, காவலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர். ஏற வேண்டிய உயரம் 300, 400 மீட்டருக்குள் அடங்கிவிடும். காவலூரில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஊர் வெளிச்சம் எட்டாத இருட்டு வேண்டும் என்பதற்காகத் தேர்ந்த இடம் அது. அந்த இருட்டு உங்களுக்கும் உண்டு, அதனால் மாலை 6 மணிக்கு மேல் அந்தப் பக்கம் மிதிக்க வேண்டியதுபோல் திட்டம் போடாதீர்கள்.

இரண்டாவது அமிர்தி பக்கம். வேலூரிலிருந்து அடுக்கம்பாறை, கணியம்பாடி வழியாக அமிர்தி சுமார் 25 கி.மீ. பிறகு காட்டுக்குள் ஏறி நம்மியம்பட்டு வழியாக ஜமுனாமரத்தூர். வேலூரிலிருந்து ஜமுனாமரத்தூர் மொத்தம் 60 கி.மீ. அளவு. வேலூர் 220 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, ஆகையால் ஏற்றம் ஆலங்காயப் பக்கத்தைவிட நீளம், ஆனால் நிழல் அதிகம். அமிர்தி வரை வார இறுதியில் உயிரியல் பூங்காவுக்கும் அருவிக்கும் வரும் கூட்டம் இருக்கும். அமிர்தியைத் தாண்டினால் சத்தம் அடங்கிவிடும்.

மூன்றாவது போளூர் பக்கம், ஜமுனாமரத்தூருக்குச் சுமார் 40 கி.மீ. பேருந்து, சரக்கு வண்டி எல்லாம் பெரும்பாலும் இந்த வழியில்தான் ஏறுகின்றன. ஏற்றத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். இறங்கிப் போளூரில் ரயில் பிடிக்க வசதி.

நான்காவது செங்கம் பக்கம், பரமனந்தல் வழி. திருவண்ணாமலையிலிருந்து வருகிறவர்களுக்கு ஏற்றது.

ஒரே நாளில் குறுக்காகக் கடக்க வேண்டுமானால் சிறந்த தடம் இது: காலை ரயிலில் வாணியம்பாடி, அங்கிருந்து ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், அமிர்தி, வேலூர். 100 கி.மீ.யைச் சற்றுத் தாண்டும். மென்மையான பக்கம் ஏறி, நீளமான பக்கம் இறங்குவதால் கால் தப்பிக்கும், வேலை முழுக்க பிரேக்குக்கு. பழக்கமில்லாதவர்கள் ஜமுனாமரத்தூரில் ஓர் இரவு தங்கி இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. வேலூரிலேயே தொடங்கி அமிர்தி வழியே ஏறி, போளூரில் இறங்கி, கண்ணமங்கலம் வழியே வேலூர் திரும்பினால் 150 கி.மீ.யை ஒட்டி வரும். அதில் போளூர்–வேலூர் சாலை நெரிசல்தான். காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதை போளூர் வழியாகவே போகிறது, அந்த 50 கி.மீ.யை ரயிலிடம் விட்டுவிடலாம்.

ஏலகிரியை ஏன் ஒதுக்குகிறீர்கள்?

ஒதுக்கவில்லை. ஜோலார்பேட்டை சந்திப்பில் இறங்கினால் சில கி.மீ. தூரத்தில் பொன்னேரி, அங்கிருந்து ஏற்றம் ஆரம்பம். ரயிலுக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு மலை நமக்குக் கிடையாது. 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர் பெயரோ பாரி, காரி, ஓரி என்று வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்கும்போது தூரத்தை அளக்க அந்தப் பலகைகள் நன்றாக உதவும். ஏற்றம் சுமார் 600 மீட்டர்.

சிக்கல் வண்டிகள்தான். சென்னை, பெங்களூரு இரண்டிலிருந்தும் ஒரே நாளில் வந்துபோகும் தூரம் என்பதால் சனி காலை 8 மணி முதல் ஞாயிறு மாலை வரை கார்களும் பைக்குகளும் வரிசை கட்டும். கோடை விழா நடக்கும் நாட்களில் வார நாளும் அப்படித்தான். செவ்வாய், புதன், வியாழனில் விடியற்காலை பொன்னேரியை விட்டால் மேலே போய்ச் சேரும்வரை சாலை உங்களுடையது. உச்சியில் அத்தனாவூர், புங்கனூர் ஏரிப் பகுதியில் கடைகளும் விடுதிகளும் நெருக்கம். நிலாவூர்ப் பக்கம் போனால் மேடு பள்ளமான, அமைதியான கிராமச் சாலை கிடைக்கும்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் பின்பாதி முதல் பிப்ரவரி முடிய. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, காடு பச்சையாக, ஓடையில் தண்ணீரோடு இருக்கும் காலம். மலையில் விடியற்காலை நன்றாகக் குளிரும். ஏற்றத்தில் வியர்த்த சட்டையோடு அப்படியே இறங்கினால் நெஞ்சில் சளி கட்டும், மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

மார்ச்சில் மலை காய்ந்து, காட்டுத்தீ அபாயத்தால் வனத்துறை கெடுபிடி கூடும். ஏப்ரல், மே வேண்டாம். வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது அப்போது வழக்கம். உயரம் 1000 மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில் ஏலகிரி உச்சி அடிவாரத்தைவிட 4 டிகிரிதான் குளிர்ச்சி. கத்திரி வெயிலில் அது ஒன்றுக்கும் உதவாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காலை நன்றாகவே இருக்கும், பிற்பகல் 3 மணிக்கு மேல் இடிமழை எப்போது வேண்டுமானாலும் வரலாம். அக்டோபர், நவம்பரில் தரைப்பாலங்களைப் பற்றிக் கீழே சொல்லியிருப்பதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

என் சைக்கிளில் ஏற முடியுமா?

சைக்கிளின் விலையைப் பார்க்க வேண்டாம், பற்களை எண்ணுங்கள். முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தின் பற்களைப் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தின் பற்களால் வகுங்கள். விடை 1க்குக் கீழே வந்தால் எந்த மலைக்கும் போகலாம். 1 முதல் 1.2 வரை என்றால் ஆலங்காயம் பக்கம் தாராளம், ஏலகிரி சிரமம். 1.3க்கு மேல் என்றால் பாதித் தூரம் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

ஏன் என்று பார்ப்போம். ஆளும் சைக்கிளும் பையும் சேர்த்து 95 கிலோ, சரிவு 7 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் 30, பின்னால் 34 பல் இருந்தால் ஒரு மிதிச் சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 1.9 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 7 கி.மீ.க்குக் கொஞ்சம் கீழே, கால் தர வேண்டிய சக்தி 135 வாட் அளவு. சாதாரண உடல்நிலை உள்ளவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதைத் தர முடியும். அதே 60 சுற்றை முன்னால் 36, பின்னால் 28 பல்லில் மிதித்தால் வேகம் 10 கி.மீ., தேவைப்படும் சக்தி 200 வாட். பயிற்சி இல்லாதவர் பத்து நிமிடத்தில் நின்றுவிடுவார். வேகத்தைக் குறைத்து 40 சுற்றுக்கு இறக்கினால் சக்தி குறையும், ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி வாங்கும் அழுத்தம் குறையாது. மறுநாள் வலிப்பது அந்த முட்டிதான்.

குறைந்த செலவில் சரிசெய்ய வழி உண்டு. நம் கடைகளில் விற்கும் 7 கியர் சைக்கிள் பலவற்றில் பின்னால் மரையில் திருகும் ஃப்ரீவீல் என்ற பல்சக்கரத் தொகுதி, 14 முதல் 28 பல் வரை. அதைக் கழற்றி 14–34 மெகாரேஞ்ச் ஃப்ரீவீல் போடலாம். மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றிவிடும் உங்கள் பின் டெரெய்லர் 34 பல்லைத் தாங்கும் வகையா என்று முதலில் பாருங்கள். சங்கிலி 2 முதல் 4 கண்ணி வரை கூட்ட வேண்டி வரலாம். நீளம் போதாத சங்கிலியை முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரத்தில் போட்டால் டெரெய்லர் இழுபட்டு உடையும். மூன்றாவது, பழைய ஃப்ரீவீல் வருடக்கணக்கான மிதியில் இறுகிப்போயிருக்கும். அதற்குரிய கழற்றியை அச்சு நட்டால் பிடித்து நிறுத்தி, நீள ஸ்பானரால் திருப்ப வேண்டும். நட்டுப் போடாமல் திருப்பினால் கழற்றி நழுவிப் பள்ளத்தை மழுக்கிவிடும், அப்புறம் சக்கரத்தையே பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

கியர் இல்லாத பழைய சைக்கிளில் மலை ஏறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போகலாம், இறக்கத்தில் அந்தக் கம்பி பிரேக்கை நம்ப வேண்டாம்.

சரிவு உண்மையில் எவ்வளவு செங்குத்து?

மலைச் சாலைக்கு இந்தியன் ரோடு காங்கிரஸ் என்ற சாலைப் பொறியியல் அமைப்பு வகுத்த அளவுப்படி வழக்கமான சரிவு 5, 6 விழுக்காடு. பேருந்து ஓடும் பழைய மலைச்சாலைகள் பெரும்பாலும் இதை ஒட்டியே போகும். பிற்காலத்தில் குக்கிராமங்களுக்குப் போட்ட ஒற்றைவழிச் சாலைகள் இந்த அளவைப் பார்ப்பதில்லை. சில இடங்களில் ஜீப் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும். குறுக்குவழி என்று கைப்பேசி காட்டினால் இந்த வகைச் சாலையாகத்தான் இருக்கும், நம்பாதீர்கள்.

வளைவில் ஒரு நுணுக்கம். நாம் இடப்பக்கம் போவதால் இடது கொண்டை ஊசியில் உள்வட்டத்தில் மாட்டுவோம். உள்வட்டத்தில் தூரம் குறைவு, உயரம் அதே, ஆக அங்கேதான் சுவர்போல நிற்கும். மேலேயிருந்தும் கீழேயிருந்தும் வண்டி வரவில்லை என்று உறுதியானால் சற்று வெளியே அகன்று திரும்புங்கள். பேருந்து ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரம் கட்டி நின்றுவிடுங்கள். நீளமான பேருந்து கொண்டை ஊசியில் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்று சாலை விதி சொல்கிறது, ஆனால் சைக்கிளை அதில் யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

இறக்கத்தில் பிரேக் போய்விடுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஏற்றத்தில் யாருக்கும் எலும்பு முறிவதில்லை.

95 கிலோ எடை 600 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 560 கிலோஜூல். ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. மெதுவாக இறங்கினால் காற்று அதில் கொஞ்சம்தான் வாங்கிக்கொள்ளும், மிச்சமெல்லாம் பிரேக்கில் போய்ச் சேரும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் சூடு ரிம்மில் ஏறி, அதிலிருந்து டியூபுக்கு. உள்ளே காற்றழுத்தம் கூடும், ஸ்போக் துளையை மூடும் பிளாஸ்டிக் நாடா இளகும், டியூப் அந்தத் துளைக்குள் பிதுங்கி வெடிக்கும். வளைவில் முன்சக்கரம் வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மலைக்குப் போகும் சக்கரத்தில் பிளாஸ்டிக் நாடாவை எடுத்துவிட்டுத் துணி நாடா ஒட்டுங்கள்.

டிஸ்க் பிரேக்கில் டியூபுக்கு ஆபத்தில்லை, பேடுக்கு உண்டு. விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் பேடின் மேல்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கிப்போய்ப் பிடிப்பு குறையும், கீச்சென்று சத்தம் வரும். கம்பியால் இயங்கும் டிஸ்க்கில் பேடு தேயத் தேயப் பிடி கைப்பிடிவரை வந்துவிடும். அதனால் பாதி மலையில் கம்பியை முறுக்கிச் சரிசெய்யத் தெரிந்திருக்க வேண்டும். ஆயில் பிரேக் வைத்திருப்பவர்கள், மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் டாட் ஆயிலை ஊற்றாதீர்கள், ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். பைக் மெக்கானிக் கடையில் கிடைப்பது டாட் ஆயில்தான்.

பிடிக்கும் முறை: நேர்ச் சாலையில் வேகத்தைக் கொஞ்சம் ஏற விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு முன் பிரேக்கை இறுக்கக் கூடாது. உடலைப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். மூன்று நான்கு வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு முகத்தில் அடிப்பதுபோல் இருந்தால் ஐந்து நிமிடம் காத்திருங்கள். டிஸ்க் தகட்டைத் தொடவே கூடாது, தோல் ஒட்டிக்கொள்ளும். மழையில் ரிம் பிரேக்கின் முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரைத் துடைக்கத்தான் ஆகும், பிடிப்பு அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே இரண்டு மடங்கு தூரத்திலேயே பிடிக்கத் தொடங்குங்கள்.

கிளம்பும் முன் டிஸ்க் பேடில் உராயும் பொருள் 1 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். ரிம் பிரேக் கட்டையில் பள்ளக் கோடுகள் மறைந்துவிட்டால் மாற்றுங்கள்.

பஞ்சர் ஆனால் மலை ஊரில் ஒட்டித் தருவார்களா?

ஒட்டித் தருவார்கள். காற்று அடிப்பதுதான் சிக்கல். கிராமத்துச் சைக்கிள் கடைப் பம்பு நம்மூர்ப் பழைய டன்லப் வால்வுக்கானது. பைக் டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் ஷ்ரேடர் வால்வு சரியாக உட்காரும். மெலிந்த பிரெஸ்டா வால்வுக்கு இரண்டும் ஒத்துவராது. சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று திருகினால் பைக் கடைக் காற்று போதும், விலை அற்பம், எடை இல்லை. ஆனால் கம்ப்ரஸரில் அடிக்கும்போது விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், சைக்கிள் டியூபில் கொள்ளளவு குறைவு, இரண்டு நொடியில் அளவு மீறும்.

டியூப் அளவும் பார்க்க வேண்டும். 26 அங்குல டியூப் ஆலங்காயம், போளூர் போன்ற எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். 700சி, 27.5 அளவுகளை வேலூரை விட்டுக் கிளம்பினால் மறந்துவிடுங்கள், இரண்டு டியூப் கையில் இருக்கட்டும். இக்கட்டில், பழைய பெரிய சைக்கிளின் 28 அங்குல டியூபை 38, 40 மி.மீ. அகல 700சி டயருக்குள் மடித்துத் திணித்து ஊர்போய்ச் சேரலாம். ஆனால் உங்கள் ரிம்மில் பிரெஸ்டாவுக்கான சிறிய துளை இருந்தால் அந்தத் தடித்த வால்வு நுழையாது. டயரை அப்படி மாற்றிப் போட முடியாது, 28 அங்குல ரிம்மின் விட்டம் 635 மி.மீ., 700சியின் விட்டம் 622 மி.மீ.

பஞ்சர் மலையில் ஆவதைவிட அடிவாரத்தில்தான் அதிகம் ஆகும். ஏரிக்கரையில் சீமைக்கருவேலம், வண்டித்தடத்தில் நெருஞ்சி. கரை மேல் ஓட்டினால் கீழே இறங்கியதும் டயரைச் சுற்றித் தடவிப் பாருங்கள், பாதி நுழைந்த முள் ஐந்து கி.மீ. தள்ளித்தான் வேலையைக் காட்டும். ஒட்டும்போது டியூபைத் தேய்த்து, பசை தடவி, கையில் ஒட்டாத அளவு காயும்வரை நாலைந்து நிமிடம் விடுங்கள். ஈரத்தோடு ஒட்டிய ஒட்டு இறக்கத்துச் சூட்டில் பெயரும். டயருக்குள் விரலை விட்டு முள்ளின் மிச்சத்தை எடுக்காமல் மாட்டினால் அதே இடத்தில் மறுபடி ஓட்டை.

பையில் என்னென்ன கருவி?

4, 5, 6 மி.மீ. ஆலன் சாவி, டயர் நெம்பி இரண்டு, பம்பு, ஒட்டுப் பெட்டி, செயின் கட்டர், உங்கள் சங்கிலிக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி ஒன்று, ஒரு ஜோடி பிரேக் பேடு, டெரெய்லரைச் சைக்கிள் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் அதன் வடிவம் வேறு, மலையில் மட்டுமில்லை, வேலூரிலும் உடனே கிடைக்காது.

சாலையில் கொள்ளும் கேழ்வரகும் காயப் போட்டிருந்தால்?

பொங்கலை ஒட்டிய வாரங்களில் மலையடிவாரச் சாலைகளில் இது நடக்கும். வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரட்டும் என்று கொள்ளுச் செடியையும் கதிரையும் பரப்பி வைப்பார்கள். லாரிக்கு ஒன்றும் ஆகாது. சைக்கிளில் ஏறினால் காய்ந்த கொடி டெரெய்லரின் சின்னச் சக்கரத்தில் சுற்றி, ஸ்போக்குக்குள் இழுத்து, ஹேங்கரை ஒடித்துவிடும். கூடவே உதிர்ந்த மணிகள் வளைவில் குண்டுமணிபோல் உருளும். இறங்கித் தூக்கிக்கொண்டு கடப்பதே வழி. ஓரமாக ஓட்டிவிட்டுப் போகலாமே என்று தோன்றும், ஓரத்தில்தான் கொடி தடிமனாக இருக்கும். சுற்றிக்கொண்டால் மிதியைப் பின்னோக்கி மெல்லச் சுழற்றி உருவுங்கள். முன்னோக்கி மிதித்து அறுக்கப் பார்க்காதீர்கள்.

ரயிலில் சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது?

மடக்கு சைக்கிள் என்றால் உறையில் போட்டு இருக்கைக்கு அடியில் வைக்கலாம். முழுச் சைக்கிளுக்குப் பார்சல் அலுவலகத்தில் சரக்குப் பெட்டிக்குச் சீட்டுப் போட வேண்டும். பயணச்சீட்டும் அடையாள அட்டையும் கேட்பார்கள். ரயில் நேரத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். கைப்பிடியைத் திருப்பி, பெடலைக் கழற்றி, டெரெய்லரை அட்டையால் சுற்றிக் கட்டுங்கள். பெயரும் இறங்கும் நிலையமும் எழுதிய அட்டை இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

காட்பாடி, ஜோலார்பேட்டை போன்ற சந்திப்புகளில்தான் இது ஒத்துவரும். சிறு நிலையங்களில் ரயில் ஒரு நிமிடம் நின்றால் உங்கள் சைக்கிள் இறங்காமல் அடுத்த ஊருக்குப் போய்விடும். வாணியம்பாடியில் ஏற்றத்தைத் தொடங்க நினைக்கிறவர்கள் சைக்கிளை ஜோலார்பேட்டையில் இறக்கிக்கொண்டு மிதிப்பது நிம்மதி. நான்கைந்து பேர் என்றால் இந்தத் தொல்லையே வேண்டாம், ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடித்துத் தார்ப்பாயும் கயிறும் போட்டுக் கட்டி அடிவாரத்தில் இறக்கிக்கொள்ளலாம். பேருந்துக் கூரைமேல் போடுவதை இப்போது எதிர்பார்க்க முடியாது.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மிதித்துப் போய் மலையைத் தொடலாமே என்பவர்களுக்கு: தார் வழுவழுவென்று இருக்கும், பக்கத்தில் கண்டெய்னர் லாரி போகும். விடுமுறை நாளை அப்படிச் செலவழிக்க வேண்டாம்.

வனத்துறை அனுமதி வேண்டுமா?

பொதுப் பேருந்து ஓடும் சாலையில் மிதிக்கத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்டால் எங்கிருந்து எங்கே என்று சொல்லிவிட்டுப் போங்கள். சந்தன மரக் காடு என்பதால் பையைத் திறந்து பார்ப்பதும் உண்டு, முகம் சுளிக்காதீர்கள். தார்ச்சாலையை விட்டுக் காப்புக்காட்டுக்குள் போகும் மண்தடம் வேறு விஷயம். அனுமதியின்றி நுழைவது குற்றம், அபராதம் போடுவார்கள். செயற்கைக்கோள் படத்தில் அழகாகத் தெரியும் தடங்களில் பாதி இந்த வகைதான். வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் வாங்காமல் போக வேண்டாம். காட்டுக்குள் கூடாரம், அடுப்பு இரண்டும் கூடாது.

கரடி, யானை, நாய்?

ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் கரடி உண்டு. அது வெளியே வருவது விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும், குறிப்பாகப் பலாப்பழக் காலத்தில். அந்த நேரத்தில் காட்டுச்சாலையில் இருக்க வேண்டாம், இருந்தால் மணி அடித்துக்கொண்டே போங்கள். சத்தமில்லாமல் திடீரென்று முன்னால் போய் நிற்பதுதான் கரடியை மிரளச் செய்யும். யானைக் கவலை ஆந்திர எல்லையை ஒட்டிய குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம். கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து இந்தப் பக்கம் இறங்கும். அங்கே காலை 7 மணிக்கு முன் மிதிக்காதீர்கள்.

நடைமுறையில் அன்றாடத் தொல்லை நாய்தான். ஏற்றத்தில் துரத்தினால் தப்பி ஓட முடியாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்து கடந்துவிடுங்கள். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்கு. ஏலகிரி வளைவுகளில் குரங்குகள் பிளாஸ்டிக் பைச் சத்தத்தை நன்றாக அறியும், அங்கே நின்று வாழைப்பழம் உரிக்காதீர்கள்.

தண்ணீர், சாப்பாடு?

ஏற்றத்தில் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். இரண்டு பாட்டிலோடு கிளம்பி, கிராமம் வரும்போதெல்லாம் நிரப்புங்கள். அமிர்தி தாண்டிய காட்டுப் பகுதியில் கடை இல்லாத நீட்சி உண்டு. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் மூன்றாவது மணியில் தலை கனக்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டருக்கு ஒன்று, அல்லது உப்புப் போட்ட மோர். காலையில் இட்லியோ கூழோ போதும். ஜமுனாமரத்தூரில் மதியச் சாப்பாடு கிடைக்கும். அங்கே விளையும் சாமை அரிசியையும் தேனையும் வாங்கலாம், இறங்கும் வழியில் மட்டும். ஆம்பூர் பிரியாணியை மலை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தின்றுவிட்டு ஏறியவர் கதி பரிதாபம். சில்லறைப் பணம் கட்டாயம், சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசிப் பணம் செல்லாது.

இரவு எங்கே தங்குவது?

ஏலகிரியில் விடுதிக்குப் பஞ்சமில்லை, வார நாளில் பேரம் பேசலாம். ஜமுனாமரத்தூரில் இடங்கள் குறைவு, முன்னதாகவே பேசி உறுதி செய்யுங்கள். சைக்கிளை அறைக்குள் வைக்க விடுவார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

அடிபட்டால்?

108. ஆனால் ஜவ்வாது மலையில் பல மடிப்புகளில் சிக்னல் இல்லை. எந்த வளைவில் சிக்னல் கடைசியாக இருந்தது என்பதை மனதில் குறித்துக்கொண்டே போங்கள், திரும்பி ஓட வேண்டியது அந்த இடத்துக்குத்தான். வரைபடத்தை இணையம் இல்லாமல் பார்க்கும்படி முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அமிர்தி பக்கம் அடிபட்டால் போகும் வழியிலேயே அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் ஒருவரிடம் எந்த வாசலில் ஏறி எந்த வாசலில் இறங்குகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், ‘ஜவ்வாது மலைக்குப் போகிறேன்’ என்பது தேடுகிறவருக்கு எதையும் சொல்லாது.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் கடக்கலாமா?

கணுக்காலுக்குக் கீழே, அடியில் தார் தெரிகிற தெளிந்த நீர் என்றால் தள்ளிக்கொண்டு கடக்கலாம். கலங்கலாக இருந்தால் கடக்காதீர்கள். தார் அரித்துப் போயிருந்தால் மேலேயிருந்து தெரியாது. மலை ஓடையில் வெள்ளம் சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் வடியும், மழை நின்று இரண்டு மணி நேரம் காத்திருந்தாலே பெரும்பாலும் வழி திறக்கும். கடந்த பிறகு சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். பாசி படிந்த தரைப்பாலம் தண்ணீர் இல்லாத நாளிலும் வழுக்கும்.

மின்சார சைக்கிளில் போகலாமா?

போகலாம், கணக்குப் பார்த்து. 250 வாட்டுக்குள், 25 கி.மீ. வேகத்துக்குள் என்றால் பதிவோ உரிமமோ தேவையில்லை. ஆள், சைக்கிள் சேர்த்து 105 கிலோ என்றால் ஏலகிரி ஏற உயரத்துக்கு மட்டும் 170 வாட்-மணி வேண்டும், மோட்டார் இழப்பையும் சேர்த்தால் 215க்கு மேல். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தம் இருப்பதே 270. மிதிக்காமல் ஏறினால் உச்சியில் பேட்டரி ஏறக்குறையக் காலி. பாதியைக் காலால் கொடுத்தால் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். சக்கரத்தின் நடுவில் மோட்டார் உள்ள வகையில் இன்னொரு தொல்லை: மணிக்கு 8 கி.மீ.க்குக் கீழே இறங்கினால் மின்சாரம் ஓட்டத்துக்குப் பயன்படாமல் சூடாக வீணாகும், மோட்டார் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். வளைவுக்கு வளைவு நின்று ஆறவிட்டு ஏறுங்கள். சார்ஜரைக் கொண்டுபோனால் உச்சியில் டீக்கடையில் கேட்டு மாட்டிக்கொள்ளலாம், டீக்கும் வடைக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள்.